திரும்பிப் பார்க்காத ஊர்

பதினோரு வருஷமாக ஒரே ஊரில் நர்ஸாக இருக்கிறேன். கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு போகிற ரோட்டில் பாதியில் இறங்கி, மூல வைகையின் மணலைத் தாண்டி நடந்தால் அந்த ஊர் வரும். முதலில் தெருக்கள். தெருக்கள் முடிந்ததும் ஒரு பொட்டல். பொட்டலின் நடுவே வேப்பமரத்தடியில் அம்மன். அம்மனையும் தாண்டி, மேற்கே, தன்னந்தனியாகத் துணை சுகாதார நிலையமும் அதை ஒட்டி நான் குடியிருக்கிற ஒற்றை அறை வீடும். அதற்கப்புறம் இலவமரத் தோப்பு, பிறகு மலை.

அம்மன் மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்வை விழுகிற இடத்தில் ஊர்க்காரர்கள் யாரும் வீடு கட்டுவதில்லை. சர்க்காருக்குக் கிடைத்த புறம்போக்கு அங்கேதான் இருந்தது, கட்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போனார்களாம். அங்கே தங்கிய முதல் ஆள் நான்தான். தைரியம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை, அவ்வளவுதான்.

வடுகபட்டியில் அண்ணன் இருக்கிறார். பூண்டு வியாபாரம். புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாது என்று ஒரு பையோடு நான் போய் நின்ற அன்று, வாசலை விட்டு நகராமலே சொன்னார்: "இன்னைக்கு இருந்துக்க. காலையில முத பஸ்ஸுல நானே கொண்டுபோய் விடுறேன்." அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, அந்தப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தேனிக்கு வந்துவிட்டேன். தங்க இடம் இருக்கிற ஊர் எதுவானாலும் போடுங்கள் என்று எங்கள் சுகாதாரத்துறை ஆபீசில் கேட்டேன். இதைத்தான் போட்டார்கள்.

போன புதிதில் அம்மனின் கதையை எனக்குச் சொன்னது பூசாரியின் சம்சாரம். கர்ப்பமாக இருந்த தன் மகளை ஊசி போடக் கூட்டிவந்திருந்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர் கோயிலைப் பார்த்தபடியே சொன்னார்.

ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி. மாடு மேய்க்கிற கூட்டம். மலையிலிருந்து மாடுகளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். கன்றுகள் சோர்ந்துபோனதால் தங்கச்சியையும் கன்றுகளையும் இந்த வேம்பின் அடியில் விட்டுவிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள மிச்ச மாட்டையும் ஓட்டிட்டு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு ஏழு பேரும் மலைக்குத் திரும்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகிவிட்டது. ஊர்க்காரர்கள் வந்து, வீட்டுக்குள் வந்து இரு தாயி என்று கூப்பிட்டார்கள்.

"அவ வர மாட்டேன்னுட்டா. அண்ணமாரு வந்து பாக்கையில நா இங்கன இல்லாட்டித் தேடுவாகன்னு சொல்லிட்டா. மழையிலயே உக்காந்துட்டா. அவுக வரவேயில்ல. அவ எந்திரிக்கவும் இல்ல."

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, இந்தா இருக்காளே."

அந்த ஏழு பேருக்குப் பதிலாகத்தான் ஊரில் சீர் கொடுக்கிற ஏழு வீடுகள். சித்திரையில் மூன்று நாள் திருவிழா. முதல் நாள் காப்புக் கட்டு. இரண்டாம் நாள் பொங்கலும் கிடாவெட்டும். மூன்றாம் நாள் மத்தியானம் ஏழு வீட்டு ஆண்களும் அண்ணன்மாராக நின்று, ஆளுக்கொரு தட்டில் சேலையும் வளையலும் பூவும் பழமும் சீராகக் கொண்டுபோய் அம்மனுக்குக் கொடுப்பார்கள். தட்டைத் தூக்குகிறவனுக்குச் சம்சாரம் உயிரோடு இருக்க வேண்டும். முளைப்பாரியை ஆற்றில் கரைத்துவிட்டு எல்லோரும் மறுபடி கோயிலுக்கு வருவார்கள். மலைக்குப் பின்னால் பொழுது இறங்கும்போது பூசாரி மணியை ஒரு தடவை அடிப்பார். உடனே உறுமியும் தப்பும் நின்றுவிடும். ஊர் முழுக்கக் கிழக்கே திரும்பி வீட்டுக்கு நடக்கும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வராதாம். மனசு இரங்கி யாராவது வா என்று சொல்லிவிட்டால் அவள் எழுந்து வந்துவிடுவாளாம். அப்புறம் நிஜமான அண்ணன்மார் வரும்போது இடம் காலியாகக் கிடக்கும்.

முதல் வருஷம் பூசாரி என் வீட்டுக்கே வந்து சொன்னார்: "நர்ஸம்மா, நாங்க கெழக்க போயிருவோம். நீங்க மட்டும் மேக்க இருக்கீக. மணி அடிச்சதும் கதவையும் சன்னலையும் சாத்திக்கங்க. விடிஞ்சு பூசைக்கு நா வந்து கொரல் குடுத்த பிறகு தெறங்க."

"சரிங்கண்ணே" என்றேன். பத்து வருஷம் அப்படியே செய்தேன்.

திருவிழா நாட்களில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. எந்த வீட்டு வழியாகப் போனாலும் கூப்பிட்டு இலை போடுவார்கள். நான் ஊசி போட்ட பிள்ளைகள்தான் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் வந்திருப்பார்கள். அண்ணனோ தம்பியோ வாங்கிக்கொடுத்த புதுச் சேலையில், விலை ஒட்டியிருந்த பேப்பரின் பசை மடிப்பில் தெரிய நடந்துகொண்டிருப்பார்கள். நானும் புதுச் சேலை உடுத்துவேன். தேனியில் நானே எடுத்தது. மூன்றாம் நாள் மணி அடித்ததும் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வேன். அவ்வளவு பேரின் காலடியும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஓய்வதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். கடைசியில் வேப்பமரத்துக் காக்கைகளின் சத்தம் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் சன்னலுக்கு வெளியே அறுபதடி தள்ளி இன்னொருத்தியும் தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை. பயமாகவும் இருந்ததில்லை. விளக்கைப் போடுவேன், உலை வைப்பேன்.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழாவது வீட்டில் அப்போது இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் இலவந்தோப்பைக் குத்தகைக்குப் பார்க்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மனைவியை இழந்தவர். என்னிடம் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். மற்றவள் அவருடைய மருமகள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மருமகளுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது. இப்போது இரண்டாவது. அவளுக்கு நான் எழுதிய அட்டையில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தேன். தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே தேனி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடச் சொல்லியிருந்தேன்.

"திருவிழா முடியட்டும்க்கா" என்று தள்ளிப்போட்டாள். "அவுக சீர்த்தட்டுத் தூக்க வந்துருவாக. அவுக கூடவே போயி சேந்துக்கிறேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு தட்டுகள் வந்து வரிசையில் நின்றன. மகன் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்று மணிவரை பார்த்தார்கள், நான்கு மணிவரை பார்த்தார்கள். அப்பன்காரர் தட்டைத் தூக்க முடியாது, சம்சாரம் இல்லாதவர். மருமகள் தானே கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

கோயில் முன்னால் பேச்சு நடந்தது. நான் முளைப்பாரிப் பெண்களோடு நின்றிருந்தேன். "பொம்பள எப்படி அண்ணனாவா?" என்றார் ஒருவர். "நெறமாசக்காரி வேற" என்றார் இன்னொருவர். பூசாரி மாமனாரைப் பார்த்தார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவ வர வேணாம். வீட்டுலயே இருக்கட்டும்."

ஆறு சேலைகள் அம்மனுக்குப் போயின. அவ்வளவு கூட்டத்தில் அந்த மனிதர் ஒரு கல்தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பொழுது இறங்கியது. மணி அடித்தது. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன், சன்னலைச் சாத்தினேன். காலடிச் சத்தம் கிழக்கே போக ஆரம்பித்தது. அது முழுக்க ஓய்வதற்கு முன்னால், கோயில் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. கன்றுக்குட்டியோ என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. வேலையில் சேர்ந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டுப் பழகிய சத்தம் அது. எந்தச் சாமிக்காகவும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. சன்னலைத் திறந்தேன்.

அம்மனின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் குந்தியிருந்தாள். பக்கத்தில் சீர்த்தட்டு. ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு, கூட்டம் போன பிறகு யாருக்கும் தெரியாமல் சேலையை வைத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

ஓடினேன். வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இறுகியிருந்தது. பனிக்குடம் உடைந்து பாவாடை நனைந்திருந்தது.

"எப்ப இருந்துடி வலிக்குது?"

"காலையில இருந்தே லேசா இருந்துச்சுக்கா. சொன்னா என்னய வண்டியில ஏத்தி அனுப்பிருவீக."

திட்டுவதற்கு நேரமில்லை. அவளைத் தூக்கிப் பார்த்தேன். அவள் என்னைவிடக் கனம், கால் ஊன்றவில்லை. நிமிர்ந்து கிழக்கே பார்த்தேன். பொட்டலின் அந்தக் கோடியில் ஊர் போய்க்கொண்டிருந்தது. முந்நூறு நானூறு பேரின் முதுகு. அத்தனை முதுகை ஒன்றாக நான் அதுவரை பார்த்ததில்லை.

"யாராச்சும் வாங்க! பிரசவ வலி! யாராச்சும் வாங்க!"

என் குரல் அவர்களை எட்டியது. நடை சற்றுத் தயங்கியதும் சில தோள்கள் அசைந்ததும் தெரிந்தது. ஒருவரும் திரும்பவில்லை. நான் இன்னும் ஒரு தடவை கத்தினேன். அம்மன்தான் கூப்பிட்டுச் சோதிக்கிறாள் என்று நினைத்துவிட்டோம் என்று பிற்பாடு சில பெண்கள் என்னிடம் சொன்னார்கள். இருக்கலாம். அந்த நிமிஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை. பதினோரு வருஷம் இவர்கள் வீடு வீடாக நடந்திருக்கிறேனே என்றுதான் தோன்றியது. மூன்றாவது தடவை நான் கத்தவில்லை.

அப்போது கூட்டத்தின் கடைசியில் போன ஒரு ஆள் நின்றார். திரும்பாமலே நின்றார். பிறகு ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். மற்றக் காலையும் எடுத்து வைத்தார். முகம் ஊரைப் பார்த்தபடியே, முதுகு காட்டி, பின்னால் பின்னால் நடந்து எங்களை நோக்கி வந்தார். கல் தடுக்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டார். எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுபடியும் அப்படியே வந்தார். கிட்டே வந்த பிறகுதான் அது அவளுடைய மாமனார் என்று தெரிந்தது.

"நர்ஸம்மா, யாரு?" என்றார், ஊரைப் பார்த்தபடி.

"உங்க மருமகதாண்ணே. தலை எறங்கிட்டு இருக்கு. உள்ள தூக்கணும். என்னால தனியா முடியாது."

அவர் மூச்சு இரைத்துக்கொண்டு நின்றார். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு திரும்பினார். பீடத்தின் பக்கவாட்டில், அம்மனின் முகம் தெரிகிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து மருமகளைப் பார்த்தார். "கழுத்தப் பிடிச்சுக்க ஆத்தா" என்று சொல்லி இரண்டு கையிலும் அவளை ஏந்திக்கொண்டார். அவள் வலியில் அவர் தோளைக் கடித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் துணை நிலையத்தில் பிரசவம் பார்ப்பதில்லை. கட்டில் இருக்கிறது, அவசரத்துக்கு ஒரு கிட் இருக்கிறது. அவரை வெளியே நிறுத்தி 108-க்குப் போன் போடச் சொன்னேன். "மேக்குப் பக்கத்து வண்டிப்பாதையில வரச் சொல்லுங்க, தெருவுல பந்தல் கெடக்கு" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது. வழி சொன்ன பிறகும் போனை வைக்காமல், "ஏற்கெனவே ஒண்ணு போயிருச்சுய்யா, சீக்கிரம் வாங்கய்யா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி வருவதற்குள் பிறந்துவிட்டது. பெண். உடனே அழவில்லை. தொப்புள் கொடி கழுத்தில் ஒரு சுற்று இருந்தது. எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். அவள் கட்டிலிலிருந்து, "அக்கா, சத்தமே இல்லையேக்கா" என்றாள். "இரு" என்றேன். இன்னும் தேய்த்தேன். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம் நல்ல சத்தம். வெளியே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவைத் திறந்து காட்டினபோது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாரே தவிர, குழந்தையைத் தொடவில்லை.

நான் வண்டியில் கூடவே தேனிவரை போனேன். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் அம்மன் மேல் ஏழு சேலை சாத்தியிருந்தது. தட்டிலிருந்த பூவையும் பழத்தையும் ஆடு தின்றுவிட்டதாம். விடியற்காலையில் வந்த பூசாரி சேலையை மட்டும் எடுத்து உதறி, யாரிடமும் கேட்காமல் சாத்திவிட்டார்.

ஆனாலும் ஊரில் பேச்சு எழுந்தது. திரும்பிப் பார்த்தவருக்கு ஏழு நாள் அம்மனுக்குத் தண்ணீர்க்குடம் எடுத்து ஊற்றச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. தினமும் காலையில் என் சன்னலுக்கு நேரே குடத்தோடு வருவார், ஊற்றுவார், போவார். நான்காம் நாள் ஒருவர் வழிமறித்து, "அப்படி என்னத்தையா பாத்த?" என்று கேட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"எப்பவும் இருக்கற மாதிரிதான் இருந்தா" என்றார் இவர். "கோவமா ஒண்ணும் இல்ல."

எனக்கு யாரும் எதுவும் விதிக்கவில்லை. நான் அந்த ஊர்க்காரி இல்லை என்பதால் இருக்கலாம். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எனக்கும் ஒரு குடம் தண்ணீர் சொல்லியிருக்கலாமே என்று பல நாள் நினைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் வடுகபட்டிக்குப் போன் போட்டேன். அண்ணன் எடுத்தார்.

"சொல்லு" என்றார்.

"சும்மாதாண்ணே."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

பின்னால் எடை போடுகிற ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "லோடு ஏறிக்கிட்டிருக்கு, அப்புறம் பேசுறேன்" என்றார். அப்புறம் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரிடமும் சொல்வதற்கு எதுவும் மிச்சம் இல்லாமல் போயிருந்தது. அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

குழந்தையின் அப்பன் நான்காம் நாள் வந்தான். கம்பெனியில் அவசர ஆர்டர், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றான். அவள் நம்பினாளா தெரியாது. மூன்றரை மாதத்து ஊசி போட்டதும் பெண்டாட்டியையும் பிள்ளையையும் திருப்பூருக்குக் கூட்டிப்போனான். அதுவரை அந்தக் குழந்தை வாரத்தில் இரண்டு நாளாவது என் வீட்டில் கிடந்தது. அவள் துணி துவைக்கப் போகும்போது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவாள். கிளம்புகிற அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆற்று மணலில் நான் பாதி தூரம் போனபோது பஸ் எடுத்துவிட்டது.

மாமனார் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தானே பொங்கிச் சாப்பிடுகிறார். மாதாமாதம் மாத்திரைக்கு வருகிறார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்து நான் பார்த்துச் சொல்வேன். "உப்பக் கொறைங்கண்ணே" என்பேன். "நானே ஆக்குறேன், எனக்கே தெரிய மாட்டேங்குது" என்பார். அவர் பின்னால் நடந்து வந்ததைப் பற்றி இதுவரை ஒரு தடவைகூட நாங்கள் பேசியதில்லை.

தை மாதக் கடைசியில் அவருடைய மருமகளிடமிருந்து போன் வந்தது. மத்தியானம். நான் ஊசி அட்டைகளை ஊர் வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒம்பது மாசத்து ஊசி எங்கன போடுறது? இங்க யாரையும் தெரியல."

எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, என்ன கிழமையில் போகணும், அட்டையை மறக்காமல் எடுத்துப்போ, காய்ச்சல் வந்தால் என்ன கொடுக்கணும் என்று எல்லாம் சொன்னேன். "சரிக்கா" என்றாள். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. அவள் வைக்கவில்லை.

"அவரு?"

"கம்பெனிக்குப் போயிட்டாக. ஒம்பது மணிக்குத்தான் வருவாக. பக்கத்து ரூமெல்லாம் இந்திக்காரவுக. பேசுனா வெளங்கல."

"பாப்பா தூங்குறாளா?"

"முழிச்சுத்தான் இருக்கா. ஃபேனப் பாத்துக்கிட்டு கெடக்கா."

பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. குழந்தை எதையோ தட்டியது. அவள் குழந்தையிடம், "ஏய், கீழ போடாத" என்றாள். நான் மீதி அட்டைகளை எடுத்தேன். இருபது நிமிஷம் போல அப்படியே ஓடியிருக்கும். கடைசியில் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோய் அது தானாகவே நின்றது.